மேலே விழுந்த இறகுகள்

முடிதிருத்துபவர் லூபெர்ட் தன் கடை ஜன்னலுக்குத் திரை போட்ட ஐந்தாம் நாள், அவருடைய கிளி தன் நெஞ்சிலிருந்து முதல் இறகைப் பிடுங்கியது. அந்த இறகு கீழே விழவில்லை. மேலே போய் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த வாரம் ஹார்லிங்கன் துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் விலை சற்று இறங்கியிருந்தது, காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. மற்றபடி அவர் கடை இருந்த நங்கூரச் சந்தில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

திரை போட்டது முழுக்க லூபெர்ட்டின் கைங்கரியம். பாலாடைக்கட்டிக் கடைக்காரம்மா ஹில்யே தன் மகளின் கல்யாணத்துக்கு முந்தைய நாள் தலைக்குச் சாயம் போட வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டது காய்ந்த ஓக் இலை போன்ற பழுப்பு. சாயம் ஊறும் நேரத்தில் லூபெர்ட் தன் புகழ்பெற்ற ஆட்டுக் கதையை ஆரம்பித்தார். ஓர் ஆடு படகேறித் தீவுக்குப் போன கதை அது. புகழ்பெற்றது என்று சொன்னவரும் அவரே. கதை முடிவதற்குள் சாயத்தைக் கழுவியிருக்க வேண்டும். ஆனால் ஹில்யே கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கும் ஒரு வாடிக்கையாளரை நடுவில் விட்டுவிட்டுக் குழாயைத் திருப்புகிற மனவலிமை லூபெர்ட்டுக்கு அன்றும் இல்லை, அதற்கு முன்பும் இருந்ததில்லை. கழுவியபோது தலை பட்டாணி சூப்பின் நிறத்தில் இருந்தது. ஹில்யே கண்ணாடியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கத்தியிருந்தால் லூபெர்ட் பிழைத்திருப்பார். பேசாமல் போனதுதான் அவரைக் கவிழ்த்தது. மனைவி வீட்ஸ்கே தீவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் தடுக்கவும் ஆளில்லை. இரவோடு இரவாக, பழைய சாம்பல் நிறத் துணி ஒன்றை எடுத்து ஜன்னலின் குறுக்கே ஆணியடித்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார்.

நங்கூரச் சந்தில் பகலில் யாரும் திரை போடுவதில்லை. சாப்பிடுவது, சண்டை போடுவது, கால் நகம் வெட்டுவது எல்லாம் தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால்தான் நடக்கும். போகிறவர்கள் உள்ளே பார்த்துக்கொண்டே போவார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல; பார்க்க ஒன்றும் வைக்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. பகலில் ஒரு ஜன்னலில் திரை தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு. லூபெர்ட் அதே தெருவில் பிறந்தவர். வெட்கம் வந்தவனுக்கு அவ்வளவு தூரம் யோசனை ஓடாது.

மறுநாள் காலை பத்து மணிக்குள் தெருவே வாசலில் நின்றது. கல்யாணத்துக்கென்று தேய்த்து வைத்த கறுப்புக் கோட்டுகள் துக்கத்துக்கும் பொருந்திப்போயின. தெருச் சங்கத் தலைவர் பேரண்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். கதவைத் திறந்த லூபெர்ட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிறிய ஏமாற்றம் ஓடியது.

"நீ உயிரோட இருக்க," என்றார், குறை சொல்வதுபோல.

"இருக்கேன்."

"அப்ப யாரு?"

அந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லிவிடலாம். லூபெர்ட் சொன்னது, "அத்தை."

"எந்த அத்தை?"

"யாக்கோமினா அத்தை." அப்படி ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"நல்ல மனுஷி," என்றார் பேரண்ட். கும்பலில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லோரும் உள்ளே வந்து, ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, யாக்கோமினாவின் நல்ல குணங்களைப் பேசிவிட்டு, அப்படியே தேவாலயத்துக்குக் கல்யாணம் பார்க்கப் போனார்கள். தீவிலிருந்து திரும்பிய வீட்ஸ்கே முதலில் பயந்து, பிறகு விஷயம் தெரிந்து வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் அவருடைய சிரிப்பு துறைமுகம்வரை கேட்டிருக்கும். சிரித்து முடித்ததும் கணவருக்குத் தண்டனை சொன்னார். "செத்த அத்தை ஒழுங்கா சாகணும். இந்தத் தெருவில அத்தைன்னா ஆறு வாரம் திரை. இப்பவே எடுத்தா ஊருக்கே நீ பொய்யன்னு தெரியும். கிடந்து அனுபவி." ஹில்யே கல்யாணத்துக்கு எந்தத் தலையோடு போனார் என்று சொல்லவும் வாயெடுத்தார். லூபெர்ட் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் அதையேதான் செய்தார்.

இதில் யாரும் கேட்காமல் விட்டது கிளியை. அது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. உடம்பு முழுக்கப் பாதிரியார் அங்கிபோலச் சாம்பல், வால் மட்டும் யாருக்கும் தெரியாமல் செய்த பாவம்போலச் சிவப்பு. உபதேசிக்கும் குணமும் இருந்ததால், பாதிரியாரை அந்த ஊரில் அழைக்கும் சொல்லாலேயே அதற்கு டோமினே என்று பெயர். பல வருடங்களாக அதன் தாங்குகோல் கடை ஜன்னலில்தான் இருந்தது. தெருவில் போகும் ஒவ்வொருவரையும் பார்த்து, தலையைச் சாய்த்து, "ஈரமா?" என்று கேட்கும். பதிலுக்கு அவர், வெயில் அடித்தாலும் சரி, "ஈரம்தான், டோமினே" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் முதுகுக்குப் பின்னால் சீட்டியடிக்கும். திரை விழுந்தபின் அதற்குக் காலடிச் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. துணியைப் பார்த்து "ஈரமா?" என்று கேட்டது. துணி ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கேட்டுப் பார்த்தது. ஐந்தாம் நாள் குனிந்து தன் நெஞ்சில் வாய் வைத்தது.

ஆறு வாரம் கழித்துத் திரையை எடுத்தபோது, ஜன்னலில் சாம்பல் தலையும் சிவப்பு வாலும் இருந்தன. நடுவில் கறிக்கடைக் கோழி இருந்தது. உத்தரத்தில் இறகுகள் மெத்தையாகப் படிந்திருந்தன. திரை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மொட்டைக் கிளி வைத்திருக்கும் முடிதிருத்துபவர் என்பது எப்பேர்ப்பட்ட விளம்பரம் என்று லூபெர்ட்டே சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். "எனக்கு ஓரத்தில மட்டும் கொஞ்சம் எடு, டோமினேக்கு எடுத்த மாதிரி வேண்டாம்," என்று உட்காருகிற ஒவ்வொருவரும் சொன்னார்கள். லூபெர்ட் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, சாயந்திரம் கடை மூடியபின் கிளியின் முன்னால் உட்கார்ந்து, "ஏம்ப்பா இப்படிப் பண்ற?" என்று கேட்பார். டோமினே அவரைப் பார்த்தபடியே இன்னொன்றைப் பிடுங்கும். அதுவும் மேலே போகும்.

லேவார்டனில் பறவைகள் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். இரத்தம், தோல், ஈரல் எல்லாம் பார்த்தார். ஒரு நோயும் இல்லை. சூரியகாந்தி விதையை நிறுத்தச் சொன்னார், கீரையும் கேரட்டும் கொடுக்கச் சொன்னார், தினமும் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டச் சொன்னார், இருட்டில் நிம்மதியாக நீண்ட தூக்கம் வேண்டும் என்றார். கிழித்து விளையாட ஏதாவது கொடுக்கச் சொன்னார். கழுத்தில் வளையம் மாட்டினால் பிடுங்க முடியாது, ஆனால் பிடுங்கும் ஆசை அப்படியே இருக்கும் என்பதால் அது வேண்டாம் என்றார். "முக்கியமா, பிடுங்கும்போது கத்தாதீங்க. ஓடிப் போய்க் கொஞ்சவும் செய்யாதீங்க. ரெண்டும் அதுக்குக் கைதட்டல் மாதிரி." இந்த ஒன்று லூபெர்ட்டுக்கு உடனே புரிந்தது. கைதட்டலுக்காக ஒருவரின் தலையையே பச்சையாக்கியவர் அல்லவா.

கிளம்பும்போது கதவருகில் நின்று, "டாக்டரம்மா, நானா காரணம்?" என்று கேட்டார்.

"இது யாரையும் குறை சொல்ற விஷயம் இல்லைங்க. பல காரணம் சேர்ந்து வரும்."

"திரும்ப முளைக்குமா?"

"முளைக்கலாம். முளைக்காமலும் போகலாம்."

காரணம் நானா என்று லூபெர்ட் வீட்ஸ்கேயிடம் கேட்டார். "ஹீட்டர் போட்டு வீட்டுக் காத்து வறண்டு கிடக்கு, அதுதான்," என்று சொல்லி அவர் மீன் செதிலைச் சீவினார். பேரண்டிடம் கேட்டார். பேரண்ட் வானிலையைப் பற்றிப் பேசினார். இத்தனைக்கும் அந்தத் தெருவில் உன் புதுக் கோட்டு அசிங்கமாக இருக்கிறது, உன் மருமகன் சோம்பேறி, நீ போட்ட காபி கழுவின தண்ணி என்று முகத்துக்கு நேரே சொல்ல எவரும் தயங்கியதில்லை. லூபெர்ட்டின் கேள்விக்கு மட்டும் எல்லோரும் திடீரென்று அன்பானவர்களாகிவிட்டார்கள். ஹில்யேயிடம் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கடைக்கு வரவும் இல்லை, தெருவில் பார்த்தால் பேசவும் இல்லை. பாலாடைக்கட்டியை வீட்ஸ்கேதான் போய் வாங்கி வந்தார்.

இரண்டாம் குளிர்காலத்தில், கடையும் சேர்ந்த அந்த வீடு தரையைவிட்டு எழும்பத் தொடங்கியது. முதலில் கதவு சரியாக மூடாமல் இடித்தது, பிறகு வாசற்படிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வந்தது. மூன்றாம் வருடத்தில் பூனை நுழைந்தது. காரணத்தை வீட்ஸ்கே தெளிவாகச் சொன்னார். "பறக்காத பறவையோட இறகு. செலவாகாத பறப்பு அவ்வளவும் அதுக்குள்ளதானே கிடக்கும்?" தெருவில் யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் இணைப்பு பார்க்கிறவர் வந்து குழாயை நீட்டி, சுருள வளைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். துறைமுகத்தில் கயிறு கட்டும் ஆள் ஒருவர், புயல் காலத்துக்கு நல்லது என்று, வீட்டின் இரண்டு மூலைகளைக் கரையோரத்தில் படகு கட்டும் இரும்புத் தூண்களோடு சேர்த்துக் கட்டினார். இறகுகளைத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் வீடு இறங்கிவிடும் என்று பலர் யோசனை சொன்னார்கள். லூபெர்ட் துடைப்பத்தை ஒளித்து வைத்தார். "அது அவனோட சொத்து. திரும்ப ஒட்டத்தான் முடியல, தூக்கிப் போடவாவது வேண்டாம்." ஒரு லாபமும் இருந்தது. உத்தரத்தில் அவ்வளவு இறகு படிந்ததால் குளிர்கால எரிவாயுச் செலவு பாதியாகக் குறைந்தது.

தெருக்காரர்கள் நல்லவர்கள். அதுதான் சிக்கல். மொட்டையாகிவிட்ட ஒரு ஜீவனை உற்றுப் பார்ப்பது முறையல்ல என்று நினைத்து, ஜன்னலைத் தாண்டும்போது பார்வையைத் தங்கள் காலணிமேல் வைத்துக்கொண்டார்கள். டோமினே "ஈரமா?" என்று கேட்டால் கேட்காததுபோல நடையைக் கூட்டினார்கள். இரக்கப்பட்ட பெண்கள் சிலர் கம்பளி நூலில் குட்டிக் குட்டிச் சட்டைகள் பின்னிக் கொண்டுவந்தார்கள். டோமினே ஒவ்வொரு சட்டையையும் போட்டுவிடும்வரை பொறுமையாக நின்று, பிறகு மதியத்துக்குள் நூல் நூலாகப் பிரித்துக் கீழே போட்டது. பின்னியவர்கள் மனம் புண்பட்டார்கள். சட்டையைப் பிரிக்கும் நாளில் அது இறகைத் தொடவில்லை என்பதை லூபெர்ட் கவனித்தார். ஆனாலும் கம்பளி நூல் வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், சட்டைகளை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான்காம் வருடம் தெருச் சங்கம் கூடியது. இடம் லூபெர்ட்டின் கடை, ஏனென்றால் அங்கேதான் நாற்காலிகள் இருந்தன. எல்லோரும் வாசலில் ஏணி வைத்து ஏறி வந்தார்கள். பேரண்ட் சாதாரண நாட்களில் அவரை லூபெர்ட் என்பார். சங்கத் தலைவராக இருக்கும்போது அண்டை வீட்டாரே என்பார். அன்று இரண்டாவது.

"அண்டை வீட்டாரே, உங்க கூரை வரிசையைவிட்டு மேல போயிடுச்சு. படம் எடுக்க வர்றவங்களுக்குத் தெரு கோணலாத் தெரியுது. அதைக்கூட விடுங்க. பசங்க பயப்படுறாங்க. என் பேத்தி உங்க ஜன்னலப் பாத்துட்டு வந்து, கோழிக்கறி வேண்டாம்னு அழுவுறா."

"கோழிக்கு அதில நல்லதுதானே," என்றார் லூபெர்ட். யாரும் சிரிக்கவில்லை.

"தெற்க ஒரு காப்பகம் இருக்கு. அங்க இது மாதிரி கிளிங்க நிறைய இருக்காம். இதுக்கும் துணை கிடைக்கும். நானே வண்டில கொண்டு போய் விடுறேன். மனசு வரலைன்னா, இன்னொரு வழி இருக்கு. ரொம்பச் சின்ன வழி." பேரண்ட் குரலைத் தாழ்த்தினார். "திரையப் போட்டுக்குங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டோம். சாவுன்னும் நினைக்க மாட்டோம்."

லூபெர்ட் நகைச்சுவையாக ஏதாவது தேடினார். வாழ்க்கையில் முதன்முறையாகப் பை காலியாக இருந்தது. ஜன்னலில் டோமினே தன் மொட்டை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றது. அது ஒருநாளும் மறைந்து நின்றதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருடம் அந்த அறையில் வெட்கப்பட்டது ஒரே ஆள்தான். அந்த ஆளுக்கு இறகே கிடையாது.

அவர் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய திரையை எடுத்து வந்தார். பேரண்டின் முகம் மலர்ந்தது. லூபெர்ட் திரையை நாற்காலிமேல் விரித்து, முடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, நடுவில் வைத்து நேராக வெட்டினார். பிறகு குறுக்கே. பிறகு ஒவ்வொரு துண்டிலும் கழுத்துக்கு ஒரு வட்டம்.

"பேரண்ட், நல்லாக் கேட்டுக்கோ," என்றார். "இந்தக் கண்ணாடிக்குப் பின்னால இனிமே துணி தொங்கினா, அது முடி வெட்டிக்க உக்காந்தவன் கழுத்துலதான் தொங்கும். என் கிளி மொட்டை. ஆமா, மொட்டைதான். பாக்கப் பிடிக்கலையா, அந்தப் பக்கமா நட. காப்பகத்துக்கும் போகாது, கண்ணுக்கு மறைவாவும் போகாது. வீடு இன்னும் மேல போகுமா, போகட்டும். மாடி வீட்டுக்காரன்னு சொல்லிக்குவேன்."

வீட்ஸ்கே மெதுவாக ஒரு தடவை கைதட்டினார்.

"உங்களுக்குப் புரியல, அண்டை வீட்டாரே. சங்கம் சொல்றது என்னன்னா..." என்று பேரண்ட் எழுந்தார். எழுந்த அசைவைப் பார்த்து டோமினே தலையைத் திருப்பியது. அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"ஈரமா?"

"ஈரம்தான், டோமினே," என்றார் பேரண்ட். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்னபின் நின்றுவிட்டார். தான் கடைசியாக எப்போது அப்படிச் சொன்னோம் என்று அவர் யோசிப்பது எல்லோருக்கும் தெரிந்தது. டோமினே விடவில்லை. அடுத்த நாற்காலியைப் பார்த்து, "ஈரமா?" அடுத்ததைப் பார்த்து, "ஈரமா?" ஒருவர் விடாமல், வரிசையாக, கடன் வசூலிப்பதுபோலக் கேட்டது, ஒருவர் விடாமல் சொன்னார்கள். கூட்டம் முடியும்வரை அது இறகில் வாய் வைக்கவில்லை. தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. போகும்போது பேரண்ட் ஏணியின் நடுவில் நின்று, "இந்த இடத்தில ஒரு படி கட்டித் தொலையேன், லூபெர்ட். வயசானவங்க ஏற வேண்டாமா?" என்றார்.

படி கட்டப்பட்டது. தெரு மறுபடி உள்ளே பார்க்கத் தொடங்கியது. மொட்டை நெஞ்சை நேராகப் பார்த்து, "என்னப்பா, இன்னிக்குக் குளிரா இருக்குமே," என்று பேசிவிட்டுப் போனார்கள். வெறுங்கையோடு வருகிறவர்களை டோமினே சீட்டியடித்து அவமானப்படுத்தியதால், கார்க் மூடி, அட்டைப் பெட்டி, வில்லோ மரக் குச்சி என்று கிழிக்க ஏதாவது கொண்டுவரும் வழக்கம் உண்டானது. பேரண்டின் பேத்தி பள்ளிக்கூடம் விட்டதும் அட்டையோடு வந்துவிடுவாள். கோழிக்கறியும் சாப்பிடத் தொடங்கினாள். கிளி பிடுங்குவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. முதுகில் கொஞ்சம் பஞ்சு வந்தது. வீடு மேலே போவது நின்றது, கீழேயும் இறங்கவில்லை. தெற்கிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் கயிற்றில் மெல்ல ஆடும். அந்த நாட்களில் லூபெர்ட் சவரம் செய்வதில்லை, முடி மட்டும் வெட்டுவார்.

அதற்கடுத்த வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் வேறு யாரும் இல்லாதபோது, ஹில்யே படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலை முழுக்க வெள்ளையாகியிருந்தது. லூபெர்ட் ஒன்றும் கேட்காமல் சாம்பல் நிறப் போர்வையை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். ஹில்யே அதன் ஓரத்தை விரல்களில் உருட்டிப் பார்த்தார்.

"இது அந்தத் திரைதானே?"

"அதேதான்."

"அன்னிக்குக் காலைல நான் இங்க வந்தேன். தெரியுமா?"

"திட்டவா?"

"முட்டாள். காட்டத்தான் வந்தேன். ராத்திரி முழுக்கக் கண்ணாடியப் பாத்துச் சிரிச்சேன். நாற்காலில உக்காந்து சிரிச்சா நீ இன்னும் ஆடுவேன்னுதான் சாயங்காலம் பேசாமப் போனேன். உன்ன ஒரு ராத்திரி தவிக்க விடணும்னு. காலைல வந்தா, திரை." ஹில்யே கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "நீ போயிட்டன்னு நினைச்சேன். உன் வாசப்படில, பச்சைத் தலையோட, கல்யாணத்துப் பாவாடையோட உக்காந்து அழுதேன். நான்தான் தெரு முழுக்கப் போய்ச் சொன்னேன். அப்புறம் பாத்தா, உள்ள உக்காந்து அத்தை செத்துட்டான்னு காபி குடுத்துட்டிருக்க."

லூபெர்ட் சீப்பைத் தண்ணீரில் நனைத்தார்.

"கல்யாணத்துக்குத் தொப்பிகூடப் போடல," என்றார் ஹில்யே. "பச்சையாவேதான் போனேன். எல்லா ஃபோட்டோலயும் இருக்கு. நீ பாக்கல."

ஜன்னலிலிருந்து டோமினே திரும்பி, அவரை நெடுநேரம் பார்த்தது. "ஈரமா?"

"ஈரம்தான், டோமினே," என்றார் ஹில்யே, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தலைக்கு மேலே உத்தரத்தில் இறகுகள் ஒரு பெரிய பறவையின் வயிறுபோல மெல்ல ஏறி இறங்கின. லூபெர்ட் அவற்றைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார். இத்தனை வருடமாக எல்லோரிடமும் கேட்டதை, கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"ஹில்யே, அது இப்படி ஆனதுக்கு நானா காரணம்?"

"ஆமா, நீதான்," என்றார் ஹில்யே. "சாயம் இல்ல, திரை. அந்த நெஞ்சில இனிமே முளைக்கவும் முளைக்காது. சரி, இப்ப வெட்டு. வெட்டிக்கிட்டே அந்த ஆட்டுக் கதைய முடி."